ஒரே தாளில் என்ஏடி: தாவரம் துணைநொதி செய்யும் வழியை வரைந்து பழகுவது எப்படி

"அத்தை, நிகோடினும் நியாசினும் சொந்தமா? பேரு ரெண்டும் ஒரே மாதிரி இருக்கே" என்று என் அண்ணன் மகள் கேட்டாள். தாவரவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். ஆமாம், நெருங்கிய சொந்தம் என்றேன். எப்படிச் சொந்தம் என்று வாயால் சொல்லிப் பார்த்தேன், அவளுக்குப் பிடிபடவில்லை. ஒரு பெரிய தாளை எடுத்து வரைய ஆரம்பித்ததும் பிடிபட்டுவிட்டது. அன்று வரைந்த படத்தைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

நான் உயிர்வேதியியல் சொல்லிக்கொடுக்கத் தொடங்கிய காலத்தில் இந்தப் பாதையை நொதிப் பெயர்களின் பட்டியலாகத்தான் பலகையில் எழுதிப்போட்டேன். மாணவர்கள் எழுதிக்கொண்டார்கள், தேர்வில் ஒப்பித்தார்கள், அடுத்த மாதம் மறந்துபோனார்கள். பல வருடம் கழித்துத்தான் எனக்கு வேறு வழி புரிந்தது. நொதியின் பெயரை விட்டுவிட்டு ஒரே ஒரு வளையத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்த வளையத்தின் அணுக்கள் எங்கிருந்து வந்தன, எங்கே போகின்றன என்று பின்னாலேயே போனால் போதும். என்ஏடி என்ற துணைநொதியும் (நொதிக்கு வேலையில் துணைபோகும் சிறு மூலக்கூறு), நிகோடின் போன்ற ஆல்கலாய்டும் (நைட்ரஜன் கொண்ட தாவரப் பொருள்) ஒரே படத்தில் தானாக வந்து உட்கார்ந்துவிடும்.

தேவையானவை: ஏ3 அளவில் ஒரு தாள், பென்சில், பச்சை, நீலம், சிவப்பு வண்ணப் பென்சில்கள், ஒரு நல்ல ரப்பர். ஒரு மணி நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

முதலில் சக்கரம்

பாடப்புத்தகங்கள் அஸ்பார்ட்டிக் அமிலத்தில் தொடங்கி கீழ்நோக்கி அம்பு போட்டுக்கொண்டு போகும். நீங்கள் அப்படித் தொடங்க வேண்டாம். தாளின் நடுவில் ஒரு வட்டம் போடுங்கள். கடிகாரம் சுற்றும் திசையில் ஐந்து நிறுத்தங்கள்.

உச்சியில் என்ஏடி, செல்லுக்குள் ஹைட்ரஜனைச் சுமக்கும் துணைநொதி. அடுத்தது நிகோடினமைடு. அதற்கடுத்து நிகோடினிக் அமிலம், அதாவது நியாசின், வைட்டமின் பி3. அதற்குப் பிறகு வருபவை இரண்டும் நீளமான பெயர்கள்: நிகோடினிக் அமில மோனோநியூக்ளியோடைடு, நிகோடினிக் அமில அடினின் டைநியூக்ளியோடைடு. சுருக்கெழுத்தில் எழுதினால் இவை இரண்டும் என்ஏடியோடு குழம்பும் என்பதால் என் படத்தில் முதலாவதை 'பாதி' என்றும் இரண்டாவதை 'முக்கால்' என்றும் எழுதுவேன். பாதியில் வளையமும் ஒரு சர்க்கரையும் ஒரு பாஸ்பேட்டும் இருக்கும். முக்காலில் அடினின் பக்கமும் சேர்ந்துவிடும், கடைசியாக ஒரு அமைடு (நைட்ரஜன் கொண்ட சின்னக் குழு) மட்டும் பாக்கி. அதுவும் சேர்ந்தால் மறுபடி உச்சிக்கு, என்ஏடிக்கு வந்துவிடுவோம்.

இப்போது ஒவ்வொரு அம்பின் மேலும் என்ன சேர்கிறது, என்ன கழிகிறது என்று எழுதுங்கள். என்ஏடியிலிருந்து நிகோடினமைடு வெட்டப்படுகிறது. நிகோடினமைடிலிருந்து அம்மோனியா போய் நிகோடினிக் அமிலம் ஆகிறது. அதோடு பாஸ்போரைபோசில் பைரோபாஸ்பேட் தரும் சர்க்கரையும் பாஸ்பேட்டும் சேர்ந்து 'பாதி' ஆகிறது. ஏடிபியிலிருந்து அடினின் பகுதி வந்து ஒட்டினால் 'முக்கால்'. குளூட்டமின் தன் நைட்ரஜனைக் கொடுத்தால் முழு என்ஏடி. நிகோடினிக் அமிலத்திலிருந்து என்ஏடி வரையிலான இந்த மூன்று படிகளை ஜாக் பிரைஸும் பிலிப் ஹேண்ட்லரும் 1958-ல் விளக்கினார்கள். அதனால்தான் அந்தப் பகுதிக்கு அவர்கள் பெயரே நிலைத்துவிட்டது.

"என்ஏடி ஹைட்ரஜனைச் சுமந்துபோய் இறக்கிவிட்டுத் திரும்பி வரும் வண்டிதானே, அதை எதற்கு வெட்ட வேண்டும்?" என்று அவள் கேட்டாள். நியாயமான கேள்வி, இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். ஹைட்ரைடைச் (இரண்டு எலக்ட்ரானோடு வரும் ஹைட்ரஜன்) சுமக்கும் வேலையில் என்ஏடி செலவாவதில்லை, உண்மைதான். ஆனால் செல்லில் வேறு சில நொதிகள் என்ஏடியைப் பொருளாகவே எடுத்து உடைக்கின்றன. டிஎன்ஏ சேதத்தைப் பழுதுபார்க்க உதவும் பார்ப் நொதிகள் ஒரு கூட்டம். சிர்ட்டுயின்கள் இன்னொரு கூட்டம். தாவரத்தின் நோயெதிர்ப்பு ஏற்பிகளில் டிஐஆர் என்றொரு பகுதி உண்டு. அதுவும் என்ஏடியை வெட்டும் நொதிதான் என்று 2019-ல் தெரியவந்தது. கிருமி வந்திருப்பதை உணர்ந்ததும் அது என்ஏடியை வெட்டுகிறது, அந்தச் செல் தன்னையே பலிகொடுக்கிறது. இப்படி உடைந்து விழும் நிகோடினமைடை வீணாக்காமல் திரும்ப எடுத்துக்கொள்ளத்தான் சக்கரம்.

நம் உடலில் நிகோடினமைடு நேராகச் சர்க்கரையோடு சேர்ந்துவிடும் குறுக்குவழி உண்டு. தாவரம் பெரும்பாலும் அமைடைக் கழற்றி, நிகோடினிக் அமிலமாக்கி, சுற்றிக்கொண்டு போகிறது. இந்தச் சுற்று வழியை அடிக்கோடிட்டு வையுங்கள். தாவரத்தில் மட்டும் இத்தனை ஆல்கலாய்டுகள் ஏன் கிளைக்கின்றன என்ற கேள்விக்கு விடை இந்த நிறுத்தத்தில்தான் இருக்கிறது.

சக்கரத்துக்குள் புது வளையம் வரும் வழி

தாளின் இடது ஓரத்துக்கு வாருங்கள். பச்சைப் பென்சிலால் அஸ்பார்ட்டிக் அமிலத்தை வரையுங்கள்: நான்கு கார்பன், ஒரு நைட்ரஜன். அதற்குக் கீழே நீலத்தில் டைஹைட்ராக்சி அசிட்டோன் பாஸ்பேட்: மூன்று கார்பன். முன்னது அமினோ அமிலம், பின்னது சர்க்கரை உடையும்போது கிடைக்கும் துண்டு. இரண்டுமே எந்தச் செல்லிலும் எப்போதும் புழங்குபவை. இந்த இரண்டையும் கோத்துத்தான் தாவரம் வைட்டமின் பி3-இன் வளையத்தைச் செய்கிறது. எனக்கு இது இன்றைக்கும் வியப்பாக இருக்கிறது.

முதல் நொதி அஸ்பார்ட்டேட் ஆக்சிடேஸ். அது அஸ்பார்ட்டிக் அமிலத்திலிருந்து இரண்டு ஹைட்ரஜனை எடுத்து இமினோ அஸ்பார்ட்டேட் ஆக்குகிறது. இது நிலையில்லாத பொருள், உடனே பயன்படுத்திவிட வேண்டும். இரண்டாவது நொதி குயினோலினேட் சின்தேஸ். அது பச்சைத் துண்டையும் நீலத் துண்டையும் சேர்த்து வளையமாக மூடுகிறது. வருவது குயினோலினிக் அமிலம்: பைரிடின் வளையம் (ஐந்து கார்பனும் ஒரு நைட்ரஜனும் சேர்ந்த ஆறு உறுப்பு வளையம்), பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கார்பாக்சில் குழுக்கள், அதாவது அமிலக் குழுக்கள்.

இந்த வளையத்தைக் கவனமாக, பெரிதாக வரையுங்கள். நைட்ரஜனும், அதை அடுத்த 2-ஆம், 3-ஆம் கார்பன்களும் பச்சை. 4, 5, 6 நீலம். 2-இலும் 3-இலும் தொங்கும் கார்பாக்சில்கள் இரண்டும் பச்சை. எண்ணிப் பாருங்கள்: மொத்தம் ஏழு கார்பன், நான்கும் மூன்றும் ஏழு. கணக்கு இடிக்கவில்லை என்றால் படம் சரி.

மூன்றாவது நொதி குயினோலினேட் பாஸ்போரைபோசில் டிரான்ஸ்பெரேஸ். பெயர் நீளம், வேலை இரண்டுதான். நைட்ரஜன்மேல் சர்க்கரையை மாட்டுகிறது, 2-இல் இருக்கும் கார்பாக்சிலைக் கரியமில வாயுவாகக் கழற்றுகிறது. கழன்றுபோகும் அந்தக் கார்பாக்சிலைச் சிவப்பால் சுற்றி, வெளியே ஓர் அம்பு போடுங்கள். கையில் இருப்பது நம் பழைய 'பாதி'. அப்படியென்றால் புதுவழி சக்கரத்தில் வந்து சேரும் இடம் நிகோடினிக் அமிலம் கிடையாது, அதைத் தாண்டிய அடுத்த நிறுத்தம். மாணவர்கள் அதிகம் தவறவிடும் இடம் இதுதான். கிளைகள் புறப்படும் நிகோடினிக் அமிலத்துக்குப் புது வளையம் போய்ச்சேர வேண்டுமானால் பெரும்பாலும் ஒரு முறை என்ஏடி வரைக்கும் ஏறி இறங்கித்தான் வர வேண்டும்.

இந்த மூன்று படிகளும் பசுங்கணிகத்தில், அல்லது பச்சையம் இல்லாத திசுவில் மற்றக் கணிகங்களில் நடக்கின்றன. இதைச் சுற்றி ஒரு கோட்டு வட்டம் போடுங்கள். ஆய்வகங்கள் சோதனைக்கு வளர்க்கும் சின்னச் செடியான அராபிடாப்சிஸில் இந்த மூன்று நொதிகளில் எந்த ஒன்றின் மரபணுவை முழுதாகச் செயலிழக்கச் செய்தாலும் கரு வளராமல் விதைக்குள்ளேயே செத்துவிடுகிறது. மாற்று வழி இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். குயினோலினேட் சின்தேஸின் மையத்தில் நான்கு இரும்பும் நான்கு கந்தகமும் சேர்ந்த ஒரு கொத்து இருக்கிறது. ஆக்சிஜன் பட்டால் அது கெட்டுவிடும். பசுங்கணிகமோ பகல் முழுக்க ஆக்சிஜன் விடும் இடம். அங்கே போய் இந்த வேலையா? அராபிடாப்சிஸின் நொதியில் இன்னொரு பகுதியும் சேர்ந்தே இருக்கிறது. இரும்பு-கந்தகக் கொத்தைக் கட்ட உதவும் சப்-ஈ என்ற பகுதி அது. கெட்டுப்போகக்கூடிய கருவியோடு பழுதுபார்ப்பவரையும் கட்டி அனுப்பியதுபோல. பாடத்தில் ஒரு வரியாக வரும் செய்தி, நான் வகுப்பில் அரை மணி நேரம் இதைப் பற்றியே பேசியிருக்கிறேன்.

'பாதி'யிலிருந்து மேலே உள்ள படிகள் பசுங்கணிகத்துக்கு வெளியே நடக்கின்றன. செய்து முடித்த என்ஏடியைப் பசுங்கணிகத்துக்குள்ளும் மைட்டோகாண்டிரியாவுக்குள்ளும் கொண்டுபோகத் தனிக் கடத்திகள் உண்டு. உச்சியில் இருக்கும் என்ஏடியிலிருந்து மேல்நோக்கிச் சின்ன அம்பு ஒன்று போட்டு என்ஏடிபி என்று எழுதிக்கொள்ளுங்கள். ஏடிபியிலிருந்து இன்னொரு பாஸ்பேட் சேர்ந்தால் அது. ஒளிச்சேர்க்கைக்கு வேண்டியது அதுதான். அராபிடாப்சிஸில் இதற்கான கைனேஸ்களில் (பாஸ்பேட் ஏற்றும் நொதிகள்) நெடுநாளாகத் தெரிந்தவை மூன்று: சைட்டோசாலில் ஒன்று, பசுங்கணிகத்தில் ஒன்று, பெராக்சிசோமில் ஒன்று.

என்ஏடி ஹைட்ரைடை வாங்கிக்கொள்வது வளையத்தின் 4-ஆம் கார்பனில். உங்கள் படத்தில் அது நீலம். சர்க்கரைத் துண்டிலிருந்து வந்த கார்பன். ஹைட்ரைடு ஏறியதும் 340 நானோமீட்டர் ஒளியை அது உறிஞ்சத் தொடங்கும், ஏறாதபோது உறிஞ்சாது. ஆய்வகத்தில் எத்தனையோ நொதிகளின் வேகத்தை நாம் அளப்பது இந்த ஒரு வித்தியாசத்தை வைத்துத்தான்.

விலங்கு வழியைக் கலக்காதீர்கள்

ஒரு வருடம் நானே பலகையில் தப்பாகப் போட்டுவிட்டேன். கையில் இருந்த புத்தகத்தில் டிரிப்டோபேனிலிருந்து குயினோலினிக் அமிலம் வரும் வழி இருந்தது, அதைத் தாவரத்துக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டேன். அது விலங்குகளும் ஈஸ்டும் போகும் வழி. நம் உடல் ஏறத்தாழ 60 மில்லிகிராம் டிரிப்டோபேனிலிருந்து 1 மில்லிகிராம் நியாசின் அளவுக்குத்தான் தேற்றிக்கொள்கிறது. இரண்டு வழியும் சேரும் இடம் குயினோலினிக் அமிலம். அடுத்த வகுப்பில் திருத்திச் சொன்னேன். ஆனாலும் ஒருமுறை மனதில் பதிந்த தவறைப் பிடுங்குவது எவ்வளவு சிரமம் என்று அன்று தெரிந்தது. ஆகவே தாளில் இதற்கு இடமே கொடுக்காதீர்கள்.

ஒரு கார்பாக்சிலின் நான்கு கதிகள்

இப்போது சுவையான பகுதி. நிகோடினிக் அமிலம் என்ற நிறுத்தத்துக்கு வாருங்கள். 3-ஆம் கார்பனில் மிஞ்சியிருக்கும் அந்த ஒற்றைக் கார்பாக்சிலைப் பாருங்கள். அதற்கு என்ன நேர்கிறது என்று கேட்டால் போதும், மொத்தக் குடும்பமும் பிரிந்து நிற்கும்.

என்ஏடியில் அது அமைடாகிறது. இது சக்கரத்திலேயே இருக்கிறது.

டிரைகோனெலினில் அது அப்படியே இருக்கிறது. மாறுவது நைட்ரஜன் பக்கம்: எஸ்-அடினோசில் மெத்தியோனின் தரும் ஒரு மீத்தைல் அதில் ஏறுகிறது. ஒரே படி, ஒரே நொதி. 1885-ல் எர்ன்ஸ்ட் யான்ஸ் இதை வெந்தயத்திலிருந்து பிரித்தார், வெந்தயத்தின் தாவரப் பேரினமான டிரைகோனெல்லாதான் பெயர் கொடுத்தது. நைட்ரஜனில் நேர் மின்சுமை, கார்பாக்சிலில் எதிர் மின்சுமை, ஆகவே சவ்வுகளை அவ்வளவு எளிதில் தாண்டாது. மிகுந்துபோன நிகோடினிக் அமிலத்தைத் தொல்லை தராமல் எடுத்துவைக்க நல்ல வடிவம். எல்லாத் தாவரமும் இப்படிச் செய்வதில்லை. சில தாவரங்கள் மீத்தைலுக்குப் பதில் குளுக்கோஸை ஏற்றி எடுத்துவைக்கின்றன. அந்தக் கிளையைச் சின்னதாகப் போட்டுவிட்டு நகருங்கள்.

ஆமணக்கின் ரிசினினில் அதே கார்பாக்சிலின் கார்பன் நைட்ரைலாகிறது, அதாவது ஒரு நைட்ரஜனோடு முப்பிணைப்பில் சேர்ந்த குழுவாகிறது. கதிரியக்க அடையாளம் இட்ட நிகோடினிக் அமிலத்தைச் செடிக்குக் கொடுத்துப் பார்த்தபோது தெரிந்தது இது. ஆமணக்கின் கொடிய நச்சான ரிசின் வேறு, அது புரதம். பெயரில் ஓர் எழுத்துக் கூட்டம்தான் வித்தியாசம், அதனால் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. படத்தை வரைவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், ஆமணக்கு விதையையோ புகையிலையையோ வீட்டில் அரைத்துச் சாறு எடுத்துப் பார்க்கும் யோசனை வேண்டாம்.

நிகோடினில் அந்தக் கார்பாக்சில் முழுதாகவே போய்விடுகிறது. அது இருந்த 3-ஆம் கார்பனில் இன்னொரு வளையம் வந்து ஒட்டுகிறது. கார்பாக்சிலில் மட்டும் அடையாளம் இட்ட நிகோடினிக் அமிலத்தைப் புகையிலைக்குக் கொடுத்தால் நிகோடினில் அந்த அடையாளம் வராது, வளையத்தில் இட்டால் வரும். போன கார்பாக்சிலைச் சிவப்பால் சுற்றுங்கள். ஆக, அஸ்பார்ட்டிக் அமிலத்தின் இரண்டு கார்பாக்சில்களும் இப்போது வெளியே. நிகோடினின் பைரிடின் வளையத்தில் மிஞ்சியது இரண்டு பச்சைக் கார்பன், ஒரு பச்சை நைட்ரஜன், மூன்று நீலக் கார்பன்.

நிகோடின் கிளைக்குத் தனி இடம்

தாளின் வலது பாதி முழுவதையும் இதற்கு விடுங்கள். இரண்டாவது வளையம் ஆர்னிதினிலிருந்து வருகிறது. ஆர்னிதின் புட்ரசினாகிறது. புட்ரசினில் ஒரு மீத்தைல் ஏறுகிறது. பிறகு ஒரு முனையில் இருக்கும் அமினோ குழு ஆக்சிஜனேற்றத்தில் கழன்று ஆல்டிஹைடாகி, தானாகவே வளைந்து ஐந்து உறுப்பு வளையமாக மூடிக்கொள்கிறது. அதுதான் வந்து ஒட்டும் பங்காளி. ஆர்னிதினுக்குப் பதில் லைசினிலிருந்து ஆறு உறுப்பு வளையம் வந்தால் அனபேசின். இரண்டாவது வளையமும் நிகோடினிக் அமிலத்திலிருந்தே வந்தால் அனடபின்.

இங்கே ஒரு குறிப்பைப் பெரிய எழுத்தில் எழுதச் சொல்வேன்: 'இரண்டாம் பிரதி'. புகையிலையில் குயினோலினேட் பாஸ்போரைபோசில் டிரான்ஸ்பெரேஸுக்கு இரண்டு வகை மரபணுக்கள் உண்டு. ஒன்று எல்லாத் திசுவிலும் என்ஏடிக்காக அமைதியாக வேலை பார்க்கிறது. இன்னொன்று வேரில், நிகோடின் செய்யும்போது கூடவே முடுக்கிவிடப்படுகிறது. புட்ரசினுக்கு மீத்தைல் ஏற்றும் நொதியும் ஸ்பெர்மிடின் செய்யும் அத்தியாவசிய நொதியின் இரட்டித்த பிரதியிலிருந்து வந்ததுதான். உயிர் வாழ வேண்டிய கருவியைத் தொடாமல் அப்படியே வைத்துக்கொண்டு, அதன் நகலை எடுத்துத் தற்காப்புக்குத் திருப்பியிருக்கிறது செடி. அண்ணன் மகளின் கேள்விக்கு முழு விடை இது: நிகோடினுக்கும் நியாசினுக்கும் வளையம் பொது, அந்த வளையத்தைச் செய்யும் நொதியும்கூட ஒரே வம்சம்.

பெயர் ஒற்றுமைக்கும் காரணம் உண்டு. 1873-ல் ஹ்யூகோ வீடல் நிகோடினை ஆக்சிஜனேற்றம் செய்து கிடைத்த அமிலத்தை விவரித்தார், அதனால் அது நிகோடினிக் அமிலம். 1937-ல் கான்ராட் எல்விஜெம் நாய்களின் கருநாக்கு நோயை அதே பொருள் குணமாக்குவதைக் கண்டார். வைட்டமினுக்குப் புகையிலை வாசனை அடிக்கக் கூடாது என்று பிறகு நியாசின் என்று பெயர் மாற்றினார்கள்.

கிளையின் நுனியில் ஒரு செடியையும் வரைந்துவிடுங்கள், வேரோடு. நிகோடின் செய்யப்படுவது வேரில். சைலம் வழியாக இலைக்கு ஏறி, செல்லின் வாக்குவோலில் தங்குகிறது. 1940-களின் தொடக்கத்தில் ரே டாசன் இதை ஒட்டுக்கட்டிக் காட்டினார். புகையிலை வேரின்மேல் தக்காளித் தண்டை ஒட்டினால் தக்காளி இலையில் நிகோடின் சேர்ந்தது. தக்காளி வேரின்மேல் புகையிலையை ஒட்டினால் அந்தப் புகையிலை இலையில் நிகோடின் ஏறக்குறைய இல்லாமலே போனது. எவ்வளவு எளிய சோதனை, எவ்வளவு தெளிவான விடை! புழு இலையைக் கடித்ததும் ஜாஸ்மோனிக் அமிலச் சமிக்ஞை எழுகிறது, வேர் நிகோடின் உற்பத்தியைக் கூட்டுகிறது. இலையிலிருந்து வேருக்கு ஒரு புள்ளிக்கோடு, வேரிலிருந்து இலைக்கு ஒரு முழுக்கோடு.

வளையத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள்

வைட்டமின் பி6-இலும் பைரிடின் வளையம்தான். ஆனால் தாவரம் அதை ரைபோஸ் பாஸ்பேட், கிளிசரால்டிஹைடு பாஸ்பேட், குளூட்டமினின் நைட்ரஜன் ஆகியவற்றைக் கொண்டு வேறு நொதிகளால் செய்கிறது, அஸ்பார்ட்டிக் அமிலத்துக்கு அங்கே வேலையில்லை. ஹெம்லாக் செடியின் கோனீன் பார்க்க அனபேசினின் ஒரு பாதி மாதிரியே இருக்கும், அதன் கார்பன்கள் வருவது அசிட்டேட் துண்டுகளிலிருந்து. நிகோடியானமின் என்ற பெயரைக் கேட்டால் நிகோடினின் தம்பி என்றே தோன்றும். அது மூன்று எஸ்-அடினோசில் மெத்தியோனின் சேர்ந்து உருவாவது, செடிக்குள் இரும்பைச் சுமப்பது, நம் சக்கரத்துக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. இவை மூன்றையும் தாளின் கீழ் ஓரத்தில் எழுதி, அம்பு எதுவும் போடாமல் விடுங்கள்.

வரைந்து முடித்ததும் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, வேறொரு தாளில் சக்கரத்தை மட்டும் போட்டுப் பாருங்கள். ஐந்து நிறுத்தமும் வந்தால், புதுவழி எந்த நிறுத்தத்தில் சேர்கிறது, கிளைகள் எந்த நிறுத்தத்தில் புறப்படுகின்றன என்று குறியுங்கள். நொதிப் பெயர் மறந்தால் பரவாயில்லை, பிறகு பார்த்துக்கொள்ளலாம். நிறம் மாறிப்போனால் மட்டும் திரும்ப வரையுங்கள்.

அண்ணன் மகள் வரைந்த தாளில் ஓர் அம்பு குறைந்தது. டிரைகோனெலின் கிளை வெளியே போய் அப்படியே நின்றது. காப்பி விதையில் டிரைகோனெலின் உலர் எடையில் சுமார் 1 சதவீதம் இருக்கிறது. விதையை வறுத்தால் சூட்டில் அதன் ஒரு பகுதி மீத்தைலை இழந்து நிகோடினிக் அமிலமாகிறது. வறுக்காமல் மண்ணில் போட்டு முளைக்கவிட்டாலும் விதை தானே அந்த மீத்தைலைக் கழற்றி, நிகோடினிக் அமிலமாக்கி, வளரும் நாற்றின் என்ஏடிக்குக் கொடுக்கிறது. பென்சிலை வாங்கி, டிரைகோனெலினிலிருந்து சக்கரத்துக்குத் திரும்பிவரும் புள்ளிக்கோட்டை அவளே போட்டாள்.